கோப்பு ஒன்றுக்கு 180 ரிங்கிட் என்றால் போகலாமா?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை, சம்பளம் 2,800 ரிங்கிட். காப்புறுதி இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம் அவரை அழைக்கிறது. மாதச் சம்பளம் கிடையாது. கோப்பு ஒன்றுக்கு 180 ரிங்கிட். பெட்ரோல், டோல் எல்லாம் அதற்குள் அடக்கம். மாதம் 20 கோப்பு சுலபமாகக் கிடைக்கும் என்கிறார்களாம், நேரக் கட்டுப்பாடும் இல்லையாம். அறிக்கை ஏற்கப்பட்ட 60 நாளில் பணம். வீட்டில் அம்மா இருக்கிறார், வீட்டுக் கடன் மாதம் 900. போகலாமா?

பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு 17 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். முதல் 9 ஆண்டுகள் உங்களுக்குச் சொன்னது போலவே கோப்புக் கணக்கில். அதன் பிறகு ஓர் இழப்பு மதிப்பீட்டு நிறுவனத்தில் மாதச் சம்பளத்தில். எனவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: இந்தத் தொழிலுக்கு வாருங்கள் தம்பி, இந்த ஒப்பந்தத்துக்கு வராதீர்கள்.

180 ரிங்கிட் குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தொகை எதற்குத் தரப்படுகிறது, எதற்குத் தரப்படவில்லை என்பதுதான் கேள்வி. அறிக்கைக்குத் தருகிறார்கள். ஆள் வராத வீட்டுக்கு இரண்டாம் முறை போவதற்கும், மருத்துவமனை நடைபாதையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கும் எதுவும் இல்லை. இந்த வேலையில் பாதி அதுதான்.

ஒரு கோப்பைப் பிரித்துக் காட்டுகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிறை தொழிற்பேட்டைக்குள் நுழையும் சாலையில் ஒரு சமிக்ஞை விளக்குச் சந்திப்பு. காலை ஏழு மணி, இரவு ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். ஒரு காரும் மோட்டார் சைக்கிளும் மோதி, மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிந்தது. விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். ஆகவே இரண்டு புகார்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு புகார்கள். "நான் கோட்டில் நின்றிருந்தேன், அவர்தான் வந்து உரசினார்" என்கிறார் கார்க்காரர். "சிவப்பு விளக்கில் முன்னே வந்து என்னை இடித்தார்" என்கிறார் மற்றவர். காரின் காப்புறுதி நிறுவனம் கோப்பை அனுப்பியது.

முதல் நாள் பட்டறைக்குப் போனேன். கார் பம்பரின் இடது மூலையில் அடி. அளவு நாடாவைத் தரையில் ஊன்றி அடிபட்ட உயரத்தைக் குறித்துக்கொண்டேன். நின்றிருந்த காரை ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போனால் கீறல்கள் குறுக்காக, நீளமாக ஓடும். இங்கே கீறல் இல்லை. உள்ளே அமுங்கிய குழி. பிறகு மோட்டார் சைக்கிளைத் தேடிப் போனேன். அது வேறொரு பட்டறையில், மழையில் கிடந்தது. அதன் கால்தாங்கி பின்பக்கமாக மடங்கவில்லை, எஞ்சின் பக்கமாக உள்நோக்கி மடங்கியிருந்தது. உயரமும் பம்பர் குழியின் உயரமும் ஒத்துப்போயின. பக்கவாட்டிலிருந்து ஏதோ ஒன்று நகர்ந்து வந்து அழுத்தியிருக்கிறது என்பது வரை இரும்பே சொல்லிவிட்டது.

ஆனால் இரும்பு விளக்கின் நிறத்தைச் சொல்லாது. அதற்கு மனிதர் வேண்டும். சந்திப்பின் ஓரத்தில் ஓர் அம்மா நாசி லெமாக் விற்கிறார் என்று பட்டறைக்காரர் சொன்னார். நான் போனது பதினொரு மணிக்கு, மேசையே இல்லை. இரண்டு நாள் கழித்து ஆறு மணிக்குப் போனேன். அன்று அவர் கடை போடவில்லை. மூன்றாம் முறை ஆறே முக்காலுக்குப் போனேன். ஆட்கள் வரிசையில் நிற்க, வாழை இலையைக் கிழித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "வியாபாரம் முடியட்டும்" என்றார். எட்டு நாற்பது வரை நின்றேன். பிறகு சொன்னார்: அந்தக் கார் தினமும் அந்த வழியாக வரும், விளக்கு மாறுவதற்கு முன்பே மெல்ல நகரத் தொடங்கும், அன்றும் நகர்ந்தது. கையெழுத்துப் போடச் சொன்னேன். மறுத்துவிட்டார். கார்க்காரரும் அவருடைய வாடிக்கையாளராம்.

காயம்பட்டவரைப் பார்க்கச் செபராங் ஜெயா மருத்துவமனைக்குப் போனபோது அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்குப் போனால், படி ஏற முடியாததால் சுங்கை பாக்காப்பில் அக்காள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். ஆக மொத்தம் ஆறு பயணம், 14 மணி நேரம். அறிக்கை எழுதவும் படங்களை வரிசைப்படுத்தவும் இன்னொரு 3 மணி நேரம்.

அந்தக் காலத்து விலையை விடுங்கள், உங்களுக்குச் சொன்ன விலையிலேயே கணக்குப் போடுவோம். 180இல் பெட்ரோலுக்கு 26 போனால் 154. அதை 17 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 9 ரிங்கிட் சொச்சம். 2025 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700. மணிக் கணக்கில் 8.72. உங்கள் 2,800ஐ வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், 14 ரிங்கிட்டுக்கு மேல் வரும். அதோடு, சேமநிதிக்கு முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு போடுகிறார். உங்கள் சம்பளத்துக்கு அது மாதம் ஏறக்குறைய 364 ரிங்கிட். கோப்புக் கணக்கில் அந்தப் பணம் யாருடைய பையிலிருந்தும் வராது.

எல்லாக் கோப்பும் இப்படி இழுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பட்டறையில் மூன்று கார்களைப் படம் எடுத்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பிய நாட்களும் உண்டு. ஆனால் நான் பார்த்த வரையில் அந்த மாதிரிக் கோப்புகள் நிறுவனத்தின் சொந்த ஆட்களுக்குப் போகும். வெளியாளுக்கு வருவது யாரும் தொட விரும்பாதது. மாதம் 20 என்பதும் வாய்வார்த்தை. பெருநாள் கால விபத்துகளின் கோப்புகள் அடுத்த மாதம் குவியும். பிறகு ஒரு மாதம் தொலைபேசி மௌனம். என் ஒன்பது ஆண்டுகளில் 20ஐத் தொட்ட மாதங்களை விரல்விட்டு எண்ணலாம். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் ஓடியது.

அடுத்தது 60 நாள். அது நீங்கள் அறிக்கை கொடுத்த நாளிலிருந்து அல்ல, அவர்கள் அதை ஏற்ற நாளிலிருந்து. ஜனவரியில் வந்த கோப்பைப் பிப்ரவரி தொடக்கத்தில் முடித்துக் கொடுத்து, ஒரு கேள்வி கேட்டு, திருத்தி, மாதக் கடைசியில் ஏற்றார்கள் என்றால் பணம் ஏப்ரல் இறுதியில். இடைப்பட்ட மூன்று தவணை வீட்டுக் கடனை வங்கி காத்திருந்து வாங்காது.

எனக்கு இது பாடமாக வந்தது. ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், 24 கோப்புகளுக்கான பணத்தை நிறுத்தி வைத்தது. கோப்புக்கு அப்போது 140. மொத்தம் 3,360 ரிங்கிட். "அடுத்த வாரம் அண்ணே" என்று எட்டு மாதம் சொன்னார்கள். பட்டர்வொர்த் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போட்டேன். 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அந்த முறையில் விசாரிக்கும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, அனுமதியும் இல்லை. 198ஆம் எண் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். என் கையில் ஒப்பந்தத் தாள் எதுவும் இல்லை. என்னைக் காப்பாற்றியது, ஒவ்வோர் அறிக்கையை அனுப்பியபோதும் அந்த அலுவலகப் பெண் வாட்ஸ்அப்பில் போட்ட "கிடைத்தது, நன்றி" என்ற இரண்டு சொற்கள். 24 கோப்புகளில் 21க்கு அது இருந்தது. 21க்குப் பணம் வந்தது.

நேரக் கட்டுப்பாடு இல்லை என்பதை உங்களுக்கு ஒரு சலுகையைப் போலச் சொல்லியிருக்கிறார்கள். கட்டுப்பாடு இல்லாதது அவர்களுக்கு. லாரி ஓட்டுநர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பார். ஷிப்டு வேலைக்காரர் இரவு பத்துக்கு மேல்தான் பேசுவார். இருட்டில் நின்றிருந்த லாரியின் பின்னால் ஒருவர் மோதிவிட்டார் என்று கோப்பு வந்தால், அந்த இடத்தைப் பகலில் பார்த்து ஒரு பயனும் இல்லை. அப்படி ஒன்றுக்காக விடியற்காலை மூன்று மணிக்குப் போய்த் தெருவிளக்குகளை எண்ணியிருக்கிறேன். வரிசையில் நான்காவது எரியவில்லை, லாரி நின்றதாகச் சொன்ன இடம் சரியாக அதன் கீழே. எண்ணிக்கொண்டிருந்த என்னை ரோந்துப் போலீசார் நிறுத்தி அடையாளக் கார்டு கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்.

இன்னொன்று, பழைய வித்தைகள் காலாவதியாகிக்கொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் விபத்தின்போது விளக்கு எரிந்ததா என்று அறிய உடைந்த பல்பைப் பார்ப்போம். எரிந்துகொண்டிருந்த இழை அதிர்ச்சியில் இழுபட்டுக் கோணியிருக்கும், அணைந்திருந்தால் இழுபடாது, வேண்டுமானால் முறிந்திருக்கும். இப்போது எல்இடி விளக்குகள். இழையே இல்லை. இப்போது கேட்பதெல்லாம் கார் கேமராவின் பதிவு, பெட்ரோல் நிலையத்துக் கேமராவின் பதிவு. அதுவும் சில நாளில் அழிந்துவிடும். ஆகவே கோப்பு வந்த அன்றே ஓட வேண்டும். அன்று உங்கள் அக்காள் வீட்டு நிச்சயதார்த்தமாக இருந்தாலும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. கோப்புக் கணக்கில் வேலை செய்பவனுக்கு அடுத்த கோப்பு எப்படி வருகிறது? யாரும் என்னிடம் பொய் எழுதச் சொன்னதில்லை. ஆனால் "இதில் ஏதோ இருக்கிறது" என்று எழுதுகிறவனைத் தேடி அடுத்த கோப்பு சீக்கிரம் வரும். "கோரிக்கை நியாயமானது" என்று எழுதுகிறவனுக்கு மெதுவாக வரும். நான் சொன்ன பிறை கோப்பில் என் அறிக்கை கார்க்காரருக்கு எதிராகப் போனது, அதாவது பணம் கொடுக்க வேண்டியது என்னை அனுப்பிய காப்புறுதி நிறுவனம். அதன்பின் ஆறு வாரம் அந்த வழியில் எனக்குக் கோப்பு இல்லை. தற்செயலாக இருக்கலாம். ஆனால் வீட்டுக் கடன் தவணை நெருங்கும் மாதத்தில் மனம் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளாது. சம்பளக்காரனுக்கு இந்த நெருக்கடி கிடையாது. நான் மாறியதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

பாகான் டாலாமில் ஓர் அடுக்ககத்தில் ஒரு விதவைப் பெண்மணியின் கோப்பு இதைப் புரியவைக்கும். கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஆயுள் காப்புறுதி எடுத்து 14 மாதம்தான் ஆகியிருந்தது. 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் 9ஆம் அட்டவணைப்படி, ஆயுள் காப்புறுதி இரண்டு ஆண்டுகளைக் கடந்துவிட்டால், மோசடி இருந்தாலொழியத் தவறான தகவலைக் காட்டி நிறுவனம் அதை ரத்து செய்ய முடியாது. அதனால்தான் இரண்டு ஆண்டுக்குள் நேரும் மரணங்கள் எங்கள் கைக்கு வருகின்றன. மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் ஒட்டியிருந்த அரசாங்க கிளினிக் அட்டையை எடுத்துக் காட்டினார். கணவருக்கு மூன்று ஆண்டுகளாக நீரிழிவுச் சிகிச்சை. விண்ணப்பப் பாரத்திலோ நீரிழிவு இல்லை என்று குறித்திருக்கிறது.

அங்கேயே எழுந்து வந்து, நோயை மறைத்தார் என்று அறிக்கை எழுதியிருந்தால் ஒரே பயணத்தில் 140 ரிங்கிட். ஆனால் பாரத்தில் இருந்த குறிகள் ஒரு பேனாவில், கையெழுத்து வேறொரு பேனாவில். பாரம் ஆங்கிலத்தில், கணவர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். யார் நிரப்பியது என்று கேட்டேன். காப்புறுதி முகவர்தான் நிரப்பினார், கடைசியில் கையெழுத்து மட்டும் வாங்கினார் என்றார். அந்த முகவரைப் பிடிக்க மூன்று பயணம். மூன்றாம் முறை ஒரு கோப்பிக் கடையில் பிடித்தேன். எல்லாக் கேள்விகளையும் வாசித்துக் காட்டியதாகச் சொன்னார். இரண்டு கூற்றுகளையும் எழுதினேன், இரண்டு பேனாவையும் எழுதினேன், எது உண்மை என்று எழுதவில்லை. வேண்டுமென்றே சொன்ன பொய், கவனக்குறைவால் நேர்ந்த பிழை, அறியாமல் நேர்ந்த பிழை ஆகியவற்றை அதே அட்டவணை தனித்தனியாகத்தான் நடத்துகிறது; அதை முடிவு செய்வது என் வேலை அல்ல. சொன்னது, பார்த்தது, நினைத்தது ஆகிய மூன்றையும் ஒரே பத்தியில் கலக்கக் கூடாது. உங்கள் அறிக்கை காப்புறுதி நிறுவனத்தோடு நிற்கப்போவதில்லை. சர்ச்சை வந்தால் நீதிமன்றத்துக்கோ, 2025இலிருந்து இயங்கும், புகார்களைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்கோ போகலாம். அந்தப் பெண்மணிக்குப் பணம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. கோப்பு போன பிறகு எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

தமிழர் வீட்டுக்குத் தமிழர் போனால் இன்னொரு சங்கடம். "நம் பிள்ளைதானே, பார்த்துச் செய்யுங்கள்" என்பார்கள். பலகாரத் தட்டு வரும். பட்டறைகளில் பலகாரத்துக்குப் பதில் உறை வரும். 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் தனியார் துறைக்கும் பொருந்தும். வாங்குவது மட்டுமல்ல, கொடுக்க வந்ததைப் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். உறையைத் தொடாதீர்கள். தே தாரிக்குக்கும் நீங்களே காசு கொடுத்துவிடுங்கள், பேச்சே வராது.

சரி, கூப்பிட்டவர்கள் யார் என்று முதலில் விசாரியுங்கள். அட்ஜஸ்டர் என்று நாம் சொல்லும் இழப்பு மதிப்பீட்டு நிறுவனம் நடத்த மத்திய வங்கியான பேங்க் நெகாராவில் பதிவு வேண்டும். மற்றவர்களைப் பற்றித் தகவல் திரட்டிக் கொடுக்கும் தனியார் விசாரணை நிறுவனம் என்றால் 1971ஆம் ஆண்டின் தனியார் முகவர் நிறுவனச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். இரண்டில் எது இருக்கிறது என்று கேளுங்கள், நகல் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். போலீசுக்குள்ள எந்த அதிகாரமும் நமக்கு இல்லை; நிறுவனத்தின் கடிதத்தைத் தவிர உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் மருத்துவ அறிக்கை வாங்க முடியாது.

உங்களைச் சுயதொழில் செய்பவர் என்று சொல்லிவிட்டு, காலை ஒன்பதுக்கு அலுவலகத்தில் இரு, வேறு யாரிடமும் கோப்பு வாங்காதே, எங்கள் சட்டையைப் போடு என்றால் அது வேறு கதை. வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் 101சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலை செய்யும் விதத்தையும் நேரத்தையும் ஒருவர் கட்டுப்படுத்தினால், கருவிகளை அவரே கொடுத்தால், நீங்கள் அவருடைய தொழிலாளி என்று அனுமானிக்க அது இடம் தருகிறது. தொழிலாளர் இலாகாவில் கேட்கலாம்.

இதையெல்லாம் மீறி இறங்குவதாக இருந்தால் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ளுங்கள், சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட்தான். வருமான வரிக்கு இனி சம்பளக்காரர்களின் பிஇ பாரம் அல்ல, தொழில் செய்வோரின் பி பாரம். கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருங்கள். நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்குச் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புக் காப்பு இல்லாமல் ஒரு நாள்கூட ஆகாது. சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சேர்ந்துகொள்ளுங்கள். விபத்துகளை விசாரிக்கப் போகிறவன் விபத்தில் விழுந்தால் வீட்டில் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? சேமநிதிக்கு ஐ-சாரான் என்னும் தன்விருப்பத் திட்டம் வழியாக நீங்களே போடலாம், அரசாங்கமும் கொஞ்சம் சேர்க்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். அளவெடுப்பதும் குறையைப் படம் பிடித்துக் குறிப்பெழுதுவதும் உங்களுக்குத் தினசரி வேலை; பாதித் தொழில் கையில் இருக்கிறது. தொழிற்சாலை வேலையில் இருந்தபடியே முன்பு மலேசியக் காப்புறுதிக் கழகம் என்றிருந்த ஆசியக் காப்புறுதிக் கழகத்தின் அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வை எழுதுங்கள். பிறகு மதிப்பீட்டு நிறுவனங்களில் சம்பளத்துக்குப் பயிற்சி மதிப்பீட்டாளர் வேலை கேளுங்கள். தொடக்கத்தில் 2,800ஐவிடக் குறைவாகச் சொல்லக்கூடும். ஆனால் பயணப்படி தனியாக வரும், சேமநிதி வரும், மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம்.

இப்போது அழைத்திருக்கும் நிறுவனத்துக்கும் உடனே மறுப்புச் சொல்ல வேண்டாம். ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பயணச் செலவு கட்டணத்துக்கு வெளியே, கிலோமீட்டர் கணக்கில். ஒரே கோப்புக்காக மூன்றாம் முறை வெளியே போனால் தனிக் கட்டணம். போலீஸ் ஆவணங்களுக்கும் மருத்துவ அறிக்கைக்கும் கட்டும் பணம் அவர்களுடையது. பாதியில் கோப்பைத் திரும்பப் பெற்றால் பாதிக் கட்டணம். பணம், அறிக்கை கொடுத்த நாளிலிருந்து 30 நாளில். இந்த ஐந்தில் மூன்றுக்காவது எழுத்தில் சம்மதம் வந்தால், ஷிப்டு இல்லாத நாட்களில் மாதம் நான்கு கோப்பு மட்டும் எடுத்துப் பாருங்கள்; அதற்கு முன் உங்கள் தொழிற்சாலை ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். தொலைபேசியில் கூப்பிட்டு, "எழுத்தெல்லாம் எதற்குத் தம்பி, நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்றால், அந்த 24 கோப்புக்காரரும் என்னிடம் முதல் நாள் அதையேதான் சொன்னார்.